பாதியில் நின்ற பி.காம்.: திரும்பப் போனால் கட்டணமில்லாமல் படிக்க முடியுமா?

இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். 2022-இல் மாவட்டத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். சேர்ந்து முதலாண்டு முடித்தார். 2023 அக்டோபரில், மூன்றாவது செமஸ்டர் நடந்துகொண்டிருந்தபோது, அப்பாவின் விசைப்படகு இலங்கையில் பிடிபட்டது, படிப்பு நின்றது. இரண்டாம் ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்கிறது கல்லூரி. 2026 ஜூனில் திரும்பப் போனால் இலவசமாகப் படிக்கலாமா, நடுவில் நின்றுவிட்டதால் அந்தத் தகுதி போய்விட்டதா என்பது அவர் கேள்வி. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததாகவும், வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. அதனால் எல்லாப் பிரிவினருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் பயத்தைத் தள்ளி வையுங்கள். படிப்பைப் பாதியில் விட்டதற்காக மட்டும் உங்கள் தகுதி போய்விடவில்லை. கட்டணச் சலுகையைத் தீர்மானிப்பவை வேறு: எந்த வகைக் கல்லூரி, அதில் எந்த வகை இடம், உங்கள் பிரிவு எது, வீட்டு வருமானம் எவ்வளவு, அந்தப் படிப்பின் எத்தனையாவது ஆண்டு. நின்றுபோனது இதில் முக்கியமாக இரண்டு இடங்களில் குறுக்கே வரும். பழைய படிப்பையே தொடர்ந்தால் பல்கலைக்கழகம் அனுமதிக்கும் காலம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒன்று. பழைய கல்லூரியில் உங்கள் கணக்கும் பதிவும் முறையாக முடிந்திருக்கிறதா என்பது இன்னொன்று. ஆகவே எந்த வழியாகத் திரும்பப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இலவசமா இல்லையா என்பதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

‘இலவசம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம், அதாவது டியூஷன் ஃபீஸ், கிடையாது. எந்தப் பிரிவினருக்கும் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், செமஸ்டர்தோறும் தேர்வுக் கட்டணம் ஆகியவை உண்டு. தனியார் கல்லூரியில் கட்டுவதோடு ஒப்பிட்டால் இவை சிறு தொகைகள். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் அங்கே ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கணக்கு நடக்கும்: உதவி பெறும் பிரிவு ஒன்று, சுயநிதிப் பிரிவு ஒன்று. பாடமும் பட்டமும் ஒன்றாகவே இருந்தாலும் கட்டணம் வேறு. விண்ணப்பம் வாங்கும்போதே ‘இது எய்டடா, செல்ஃபா’ என்று கேட்டுவிடுங்கள். முழுச் சுயநிதிக் கல்லூரியில் பி.காம். படிப்பவருக்குக் கட்டணமில்லாக் கல்வி பெரும்பாலும் எட்டாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டும் அங்கே தனி வழி இருக்கிறது.

நம் கடற்கரையில் மீனவர் என்று சான்றிதழ் உள்ளவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்றால் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் எல்லோருக்கும் பொதுவாக ‘மூன்றாண்டு இளங்கலை இலவசக் கல்வித் திட்டம்’ என்று ஒன்று உண்டு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிப்பவர்களுக்கு அதில் வருமான வரம்பு கிடையாது. அதே பிரிவினர் முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்று போனால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், ‘அப்பா பேரில் படகு இருக்கிறது, நமக்குக் கிடைக்காது’ என்று விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அரசுக் கல்லூரி பி.காம்.-க்குப் படகு ஒரு தடையே இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்றால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை, அதாவது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை. இங்கே 2.5 லட்சம் வருமான வரம்பு பட்டப்படிப்புக்கும் பொருந்தும். பெண்ணுக்குத் திருமணம் ஆகி, வேலையில் இல்லையென்றால் கணவரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். இந்தத் திட்டம் தனியார் கல்லூரிக்கும் வரும். நிர்வாக ஒதுக்கீட்டில் வாங்கிய இடத்துக்கு வராது. படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இதில் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டத்தை முடித்தவர் அதே நிலையில் இன்னொரு பட்டம் படித்தால், உதாரணமாக பி.காம். முடித்துவிட்டு பி.ஏ. சேர்ந்தால், உதவித்தொகை கிடையாது. நீங்கள் முதல் பட்டத்தை முடிக்கவே இல்லையே, அதனால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது. அடுத்தது, ஒரு கல்வியாண்டுக்கான பணத்தை வாங்கிவிட்டு அந்த ஆண்டு நடுவிலேயே நின்றிருந்தால், அதைத் திரும்பக் கேட்க மாநில அரசுக்கு விதிப்படி உரிமை உண்டு. எல்லோரிடமும் கேட்பார்கள் என்று பொருள் இல்லை, ஆனால் அந்தப் பணம் வந்ததா இல்லையா என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே பணம் வாங்கிய அதே ஆண்டை மறுபடி படிக்கும்போது மறுபடியும் வரும் என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள். கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு பார்க்கும் எழுத்தரிடம் உங்கள் பழைய பதிவைக் காட்டி, வரும் வராது என்று தெளிவாகக் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

இனி, எந்த வழியாகத் திரும்புவது என்பது. பழைய கல்லூரியிலேயே ரீ-அட்மிஷன், அதாவது மறுசேர்க்கை, வாங்கி மூன்றாவது செமஸ்டரில் உட்காருவது ஒரு வழி. இதில் காலக் கணக்கைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பட்டப்படிப்பை முடிக்க, அதன் இயல்பான காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள் தரலாம், விதிவிலக்கான சூழ்நிலையில் இன்னும் ஓராண்டு தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வழிகாட்டியது. 2022-இல் சேர்ந்தவருக்கு இயல்பான முடிவு 2025. இரண்டு ஆண்டு கூட்டினால் 2027, விதிவிலக்கு கிடைத்தால் 2028. நீங்கள் 2026 ஜூனில் மூன்றாவது செமஸ்டரில் சேர்ந்தால் ஆறாவது செமஸ்டர் முடிய 2028 கோடை ஆகிவிடும். அதாவது இரண்டாண்டுச் சலுகைக்குள் நீங்கள் அடங்கவில்லை, விதிவிலக்கு ஆண்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மூன்றாவது செமஸ்டர் ஜூனில்தான் தொடங்கும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 2027 ஜூன், அப்போது இந்தக் கணக்கில் இடமே இருக்காது. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலைக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. கடைசிச் சொல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த ஒழுங்குவிதிதான். அதனால் கல்லூரி வாய்மொழியாகச் ‘சேர்த்துக்கொள்கிறோம்’ என்று சொன்னால் போதாது. ரீ-அட்மிஷனுக்குப் பல்கலைக்கழகம் கொடுக்கும் எழுத்துப்பூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள். 2022-க்குப் பிறகு பாடத்திட்டம் மாறியிருந்தால், நீங்கள் எழுதித் தேறிய தாள்களில் எவை செல்லும், எவற்றுக்கு ஈடாக வேறு தாள் எழுத வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: 2023-இல் ஜூலை முதல் அக்டோபர் வரை நீங்கள் வகுப்புக்குப் போன நாட்கள் இப்போது கணக்கில் வராது. 75 சதவீத வருகை இல்லாமல் செமஸ்டர் தேர்வு எழுத முடியாது. சிறு குறைவு என்றால் மருத்துவச் சான்று கொடுத்து, கட்டணம் கட்டி, கன்டோனேஷன் எனப்படும் விலக்கு வாங்குவார்கள், நடுவில் நின்றவருக்கு அது உதவாது. அந்த செமஸ்டரை முதலிலிருந்து படித்தாக வேண்டும். ரீ-அட்மிஷன் கட்டணம், அரியர் தாள்களுக்கான தேர்வுக் கட்டணம் இவற்றையெல்லாம் கையிலிருந்து போடுவதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு வழி, அரசுக் கல்லூரியில் புதிதாக முதலாண்டில் சேர்வது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இராமேசுவரத்திலேயே டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் பெயரில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கான அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. திருவாடானைப் பக்கத்தவர்களுக்கு அங்கேயே ஒன்று இருக்கிறது. டிஎன்காசா என்ற ஒரே இணையதளத்தில் எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பிக்கலாம். அண்மை ஆண்டுகளில் கட்டணம் 50 ரூபாய், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 2 ரூபாய். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுவார்கள், பழைய ஆண்டில் தேறியவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விளக்கக் குறிப்பேட்டில் வயது வரம்புப் பத்தி ஒன்று இருக்கும். சில பிரிவினருக்கு அதில் தளர்வும் சொல்லியிருப்பார்கள். நடுவில் சில ஆண்டுகள் போனவர்கள் அந்தப் பத்தியை முதலில் படித்துவிட்டு மற்றதற்குப் போகட்டும். உங்களுக்கு இப்போது 21 அல்லது 22 வயது இருக்கும் என்று நினைக்கிறேன், உங்களுக்குத் தளர்வு உண்டா என்று பாருங்கள். ஓராண்டு தள்ளிப்போடுவது இங்கேயும் ஆபத்தாகலாம்.

இரண்டுக்கும் நடுவே, பழைய கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு இரண்டாம் ஆண்டிலேயே மாறுவது என்றும் ஒன்று உண்டு. இரண்டும் அழகப்பாவோடு இணைந்தவை என்பதால் தாள்கள் ஒத்துப்போவது எளிது. என்றாலும் சேரப்போகும் கல்லூரியில் அந்த ஆண்டில் காலியிடம், இரு கல்லூரிகளின் ஆட்சேபணையின்மைச் சான்று, பல்கலைக்கழக அனுமதி மூன்றும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். முதல்வரைப் பார்த்து ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். இதை மட்டும் நம்பி முதலாண்டு விண்ணப்பத்தைப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

சான்றிதழ் விவகாரத்துக்கு வருகிறேன், உங்களை உண்மையில் தடுத்து வைத்திருப்பது இதுதான். மாணவரின் அசல் மதிப்பெண் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போன்றவற்றைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. சேரும்போது சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். ஆகவே உங்கள் பிளஸ் டூ அசல்களைப் பாக்கிக்காகப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியே எழுதித் தர வேண்டிய டி.சி.யும் நடத்தைச் சான்றும் வேறு விஷயம். அங்கே பாக்கி என்று ஒன்று உண்மையிலேயே இருந்தால் பேசித்தான் தீர்க்க வேண்டும், சட்டம் முழுக்க உங்கள் பக்கம் என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் படித்தது ஒரு செமஸ்டரின் பாதி. அந்த ஒரு செமஸ்டருக்கு மட்டும் கட்டுகிறேன், முழு ஆண்டுக்குக் கட்ட முடியாது என்று முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். நின்ற தேதி, காரணம், படகு பிடிபட்டதற்கான மீன்வளத் துறைக் கடிதம் அல்லது வழக்கின் நகல் இவற்றை இணையுங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் அதே மனுவைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், மானியக் குழுவின் இ-சமாதான் என்ற குறைதீர்ப்புத் தளத்திலும் போடலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் இந்த விஷயத்தில் நல்ல பலன் உண்டு. கோபத்தில் டி.சி. வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் அரசுக் கல்லூரியில் சேர்க்கை நிற்கும்.

டி.சி. வாங்கும் அன்றைக்கே இன்னொரு வேலையையும் முடியுங்கள். மாநிலத்தின் எல்லாக் கல்லூரி மாணவர்களும் இப்போது யூமிஸ் என்ற தளத்தில் பதிவாகிறார்கள், உதவித்தொகை அதன் வழியேதான் போகிறது. பழைய கல்லூரி உங்களை ‘இடைநின்றவர்’ என்று மாற்றாமல் இன்னும் படிக்கிறவராகவே வைத்திருந்தால், புதிய கல்லூரியில் உங்கள் பதிவு சிக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்து அதை மாற்றச் சொல்லி, மாற்றிய பக்கத்தை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. இரண்டு ஆண்டு எந்த வரவு செலவும் இல்லாத கணக்கை வங்கி பொதுவாகச் செயலற்றதாக்கிவிடும். உதவித்தொகைக்காகத் திறந்து, படிப்பை விட்ட பிறகு தொடாத கணக்கும் இப்போது அந்த நிலையில் இருக்கலாம். ஆதாரும் பான் கார்டும் கொண்டுபோய் கே.ஒய்.சி. எனப்படும் அடையாள விவரங்களைக் கொடுத்தால் திரும்ப இயங்கும், அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கேதான் அரசுப் பணம் விழும். நூறு நாள் வேலைக்கோ கேஸ் மானியத்துக்கோ வேறு வங்கியில் இணைத்திருந்தால் அந்தக் கணக்கில் தேடுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஓரிடத்தில், வீட்டுப் பெயர் ஓரிடத்தில் என்று நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. பிளஸ் டூ சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியலும்தான் அடிப்படை, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வருவாய்த் துறைச் சான்றுகளை இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், 2022-இல் வாங்கியது இப்போது உதவாது. அதுவும் உங்கள் வீட்டில் பழைய சான்று படகு ஓடிய காலத்து வருமானத்தைக் காட்டும். இப்போது படகே இல்லை. வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது அப்பா பங்குக்குப் போகிறாரா, கூலிக்குப் போகிறாரா, அம்மாவின் வருமானம் என்ன என்பதை உள்ளபடி சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கல்லூரி விண்ணப்பமும் மே மாதத்தில்தான் வருகிறது. கையில் காசு இல்லாத மாதங்கள் அவை. ஆனால் அப்பா கரையில் இருப்பார், கையெழுத்துக்கும் விசாரணைக்கும் ஆள் இருக்கும். சான்றிதழ் வேலைகளை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கினால் மே மாத வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

முதல் பட்டதாரிச் சலுகை பற்றிப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புக்கானது. அரசுக் கலைக் கல்லூரியில் தள்ளுபடி செய்ய டியூஷன் கட்டணமே இல்லை. ஒருவேளை நீங்கள் பொறியியலுக்குத் திரும்பினால் அந்தச் சான்று வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவர் பட்டதாரி அல்ல, அதனால் நீங்கள் கல்லூரிக்குப் போய்வந்ததே உங்கள் தகுதியையோ தம்பியின் தகுதியையோ கெடுக்காது. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் சலுகை. தம்பி இப்போது அதை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது.

புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த உங்களுக்குப் பொருந்தும் வகைதான். ரீ-அட்மிஷன் வாங்கினால் அதே படிப்பின் தொடர்ச்சி. புதிதாகச் சேர்ந்தால், விதியில் ‘முதன்முறையாக உயர்கல்வியில் சேர்ந்து’ என்று ஒரு சொற்றொடர் வருவதால், முன்பு வேறு கல்லூரியில் பெயர் இருந்தவரை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது பதிவைப் பார்க்கும் அலுவலரைப் பொறுத்தது. கல்லூரியின் பொறுப்பு அலுவலரிடம் உண்மையைச் சொல்லியே விண்ணப்பியுங்கள், பழைய சேர்க்கையை மறைத்தால் ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பணம் வரும் என்று வைத்துக் குடும்பக் கணக்குப் போடாதீர்கள், வந்தால் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும். தொலைதூரக் கல்விக்கு அது கிடையாது. அப்பா மீனவர் நலவாரிய உறுப்பினராக இருந்து அட்டை புதுப்பித்திருந்தால், பிள்ளைகளின் படிப்புக்கான உதவிக்கு இராமேசுவரம் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். முன்பு கல்விக்கடன் வாங்கியிருந்தவர்கள் கவனிக்க வேண்டியது: மத்திய அரசின் வட்டி மானியத்தில், மருத்துவக் காரணம் தவிர வேறு காரணத்துக்காகப் பாதியில் நின்றவர்களுக்கு மானியம் நின்றுவிடும். வங்கியில் நிலுவை எவ்வளவு என்று எழுதி வாங்கிவிட்டு அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

உங்கள் நிலையில் எது நல்லது என்று கேட்டால், அரசுக் கல்லூரி முதலாண்டையே சொல்வேன். ஓராண்டு கூடுதலாகும், 2029-இல்தான் பட்டம் வரும். ஆனால் பழைய வழியில் இரண்டாண்டுத் தனியார் கட்டணமும், பழைய பாக்கியும், 2028-க்குள் ஒரு தாளும் நிற்காமல் தேற வேண்டிய நெருக்கடியும் சேர்ந்து வருகின்றன. படகு போன வீட்டில் இன்னொரு தவணை தவறினால் மறுபடியும் நிற்க வேண்டி வரும். முதல் இரண்டு செமஸ்டரிலும் அரியர் ஒன்றுகூட இல்லை, விதிவிலக்கு ஆண்டுக்குப் பல்கலைக்கழகக் கடிதமும் கிடைத்துவிட்டது, கட்டணத்துக்கு வேறு வழியும் இருக்கிறது என்றால் மட்டும் பழைய கல்லூரியை யோசியுங்கள். எப்படியானாலும் இந்த வாரமே முதல் வேலை அந்த ஒரு பக்க மனு: பிளஸ் டூ அசல்களைத் திருப்பித் தரவும், பாக்கிக் கணக்கை எழுத்தில் தரவும் கேட்டு, இரண்டு நகல் எடுத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்க மறுத்தால் தபால் நிலையத்தில் பதிவுச் சேவையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; பதிவாளருக்குப் போகும் மனுவில் அந்த ரசீதின் நகலை இணைக்க வேண்டும்.